அத்தாயி நனைத்த களம்

என் அம்மா அத்தாயிக்குப் பாம்பு என்றால் பயமில்லை, பேய் என்றால் பயமில்லை, மேஸ்திரி என்றால் சுத்தமாகப் பயமில்லை. மேகம் என்றால் மட்டும் பயம். துணி காயப்போட்ட எல்லோருக்கும் இருக்கிற பயம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். மேற்கே ஒரு கறுப்பு தெரிந்தால் போதும். பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நின்றுவிடும். கை தானாகப் பலகையைத் தேடும்.

பலகை என்றால் களத்துப் பலகை. ஆட்டையாம்பட்டியை ஒட்டி ஒரு சேகோ ஆலையில் அம்மா பதினான்கு வருடம் களத்து வேலை பார்த்தாள். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து, அந்தப் பாலைத் தொட்டியில் தெளிய வைத்து, அடியில் படிகிற மாவைக் குலுக்கி மணியாக்கி, வறுத்து, கடைசியில் சிமெண்டுக் களத்தில் கொட்டிக் காய வைப்பார்கள். அதுதான் ஜவ்வரிசி. பாயசத்தில் பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கும். நாலு கபடி மைதானம் அளவுக்குக் களம் முழுக்க வெள்ளையாக விரித்து, சித்திரை வெயிலில் அதன் நடுவே நின்று பாருங்கள், கண் தானாக மூடிக்கொள்ளும்.

காய்கிற மணியைக் காலால்தான் கிளற வேண்டும். வெறுங்காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தால் பின்னால் இரண்டு கோடு விழும். போய்த் திரும்பி, போய்த் திரும்பி, காலையிலிருந்து மதியம் வரைக்கும் அதே நடைதான். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பங்கு களம் உண்டு, நடக்க ஒரு பழக்கமும் உண்டு. சென்னியம்மாள் அக்கா பாட்டு முணுமுணுப்பாள். என் அம்மா திட்டுவாள். காலையில் யார் மேல் கோபமோ அவர்களை நினைத்து ஆரம்பிப்பாள். மதியச் சாப்பாடு வரைக்கும் அதே திட்டு ஓடும். ஒரு திட்டு முடிகிற இடத்தில் திரும்புவாள், அடுத்த திட்டை அங்கே தொடங்குவாள். கோபம் ஏறினால் நடை வளையும். "எல்லாரு கோடும் நேராத்தான் இருக்குது, அத்தாயி கோடு மட்டும் ஆடு மேஞ்ச மாதிரி போகுது" என்று மேஸ்திரி தீர்த்தகிரி சலித்துக்கொள்வார். "மணி காஞ்சாச் சரிதானுங்களே, கோட்டையா திங்கப் போறீங்க?" என்பாள் அம்மா.

மழை என்றால் அந்த வாயெல்லாம் அடைத்துவிடும். முதல் சொட்டு விழுந்ததும் யாராவது ஒருத்தர் கத்துவார்கள். அவ்வளவுதான், சோற்றில் கை வைத்தவள் அப்படியே எச்சில் கையோடு ஓடுவாள். பலகையால் மணியைத் தள்ளிக் குவித்து, தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் கல் வைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். அந்த நேரத்தில் ஒருத்தி சொல்வது இன்னொருத்திக்குக் கேட்காது. ஒருமுறை சென்னியம்மாள் அக்கா தொட்டிலில் கதறிய கைக்குழந்தையை விட்டுவிட்டு ஓடினாள். எல்லாம் முடிந்த பிறகுதான் தனக்கு ஒரு குழந்தை இருப்பதே ஞாபகம் வந்தது என்று சொல்லி அழுதாள்.

அந்தச் சித்திரையில் எனக்குப் பதினொரு வயது. தங்கை வெண்ணிலாவுக்கு ஏழு. அப்பா தங்கமுத்து லாரியில் மராட்டியப் பக்கம் போயிருந்தார். முழு ஆண்டு விடுமுறை. வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர அம்மாவுக்கு மனம் வராது; அதனால் நாங்களும் ஆலைக்கே போனோம். களத்தில் மட்டும் கால் வைக்கக் கூடாது என்பது கட்டளை. எல்லோரும் கொட்டகை நிழலில் சாப்பிடுகிற நேரத்தில் வேறு எங்கே கால் வைப்போம்?

அந்த வாரம் உச்சி வெயிலில் எங்களுக்கு நிழலே விழவில்லை. வெண்ணிலா குதித்துக் குதித்துத் தன் நிழலைத் தேடினாள். செருப்பைக் களத்து ஓரத்தில் கழற்றிவிட்டு, சுடுமே என்று நுனிக்காலை அம்மாவின் கோட்டில் வைத்தோம். சுடவில்லை. மண்பானைத் தண்ணீரில் கால் நனைத்தது போல இருந்தது. பக்கத்துக் கோட்டில் வைத்துப் பார்த்தேன், கொப்பளம் வருகிற மாதிரி சுட்டது. அம்மா நடந்த கோடு மட்டும்தான் அப்படி. காரணம் இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

அது எங்கே முடிகிறது என்று பார்க்கத்தான் நடந்தோம். களம் நூறு அடிதான் இருக்கும். நாங்கள் நடந்துகொண்டே இருந்தோம். கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்த மணி முதலில் கணுக்காலுக்கு வந்தது, பிறகு முழங்காலுக்கு, பிறகு தலைக்கு மேலே. திரும்பிப் பார்த்தால் ஆலையின் புகைக்குழாய் ஒரு தீக்குச்சி அளவுக்குத் தெரிந்தது. வெண்ணிலா சிரித்தாள். எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் அக்காள்காரி ஆயிற்றே, நானும் சிரித்தேன்.

இரண்டு பக்கமும் எழுந்த மணிக் கரை முடிந்த இடத்தில் ஒரு பெரிய சமவெளி. வெளிச்சம் மேலிருந்து வரவில்லை, தரையிலிருந்து வந்தது. ஜவ்வரிசி மணிகள் ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு, சிலது ஆள் உயரம். வெந்த ஜவ்வரிசி போல உள்ளே இருப்பது வெளியே தெரிந்தது. ஒன்றுக்குள் ஒரு சிட்டுக்குருவி தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் அணில். இன்னொன்றில் பச்சைப் பொன்வண்டு. செத்தவை இல்லை, மெதுவாக மூச்சு விட்டன. தொட்டால் வெதுவெதுப்பு. ஒரு மணிக்குள் காவலாளி அங்கமுத்து வளர்த்த செவலை நாயின் குட்டி சுருண்டு படுத்திருந்தது. தைப்பொங்கல் சமயத்தில் காணாமல் போனது. லாரியில் அடிபட்டிருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். வெண்ணிலா அந்த மணியைக் கட்டிக்கொண்டு, "அக்கா, இது இங்க இருக்குது பாரு, இங்க இருக்குது பாரு" என்று குதித்தாள்.

அன்று சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் அதே கோட்டில் திரும்பி வந்துவிட்டோம். யாரிடமும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எங்களுக்கென்று ஒரு சொத்து.

இரண்டாம் நாள் அங்கே ஒரு ஆள் இருந்தார். நெட்டையாக, தலை முதல் கால் வரை வெள்ளையாக. மாவுத் தொட்டியில் வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள், அதனால் முதலில் பயம் வரவில்லை. காலைத் தேய்த்து நடந்து பெரிய மணிகளை உருட்டிவிட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். நாங்கள் இடப்பக்கம் நகர்ந்தோம், அப்போதும் முதுகு. வலப்பக்கம் போனோம், அப்போதும் முதுகுதான். அவர் திரும்பியதையே நான் பார்க்கவில்லை. 

"ரெண்டு பேருங்களா?" என்று கேட்டார். குரல் நல்ல மரியாதையான குரல், கல்யாண வீட்டு வாசலில் நின்று அழைக்கிற குரல். "வாங்க சாமி, வாங்க. ஒருத்தரு இருந்தாப் போதுமுங்க."

நான் வெண்ணிலாவை இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.  அந்த ஆள் அதட்டியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் போகவே கூடாது என்று இருந்தேன். வெண்ணிலா கேட்கவில்லை. நாய்க்குட்டியைத் தூக்கிவந்து அங்கமுத்துவிடம் கொடுக்க வேண்டுமாம். நீ வராவிட்டால் நான் தனியாகப் போகிறேன் என்று ஒரு காலைக் கோட்டில் வைத்தே விட்டாள். காலையிலிருந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட வீம்பு வேறு. போனில் விளையாடி சார்ஜை எல்லாம் இறக்கி வைத்ததால் அப்பா கூப்பிட்டபோது போன் செத்துக் கிடந்தது. அன்றைய திட்டு முழுக்க அவளுக்குத்தான். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

உள்ளே போனதும் நான் கண்டது ஒரு காலி மணி. ஒரு பக்கம் கிண்ணம் போலத் திறந்திருந்தது. வெண்ணிலா உட்கார்ந்தால் அவள் உச்சந்தலை வரைக்கும் அளவெடுத்தது போல இருக்கும். அதன் பக்கத்தில் அந்த முதுகு நின்றது.

"இது காலியாத்தானுங்க கெடக்குது" என்றது குரல். "சும்மா உக்காந்து பாருங்க சாமி. சுடாது."

அப்போது தரையின் வெளிச்சம் மங்கியது. அடுப்பில் தீயைக் குறைத்தது போல ஒரே சீராகக் குறைந்தது. மேலே களத்தில் மேகம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. "வா போலாம்" என்று இழுத்தேன். வெண்ணிலா இன்னொரு கையால் நாய்க்குட்டி இருந்த மணியைக் கட்டிக்கொண்டு, "இதயும் எடுத்துட்டுத்தான் வருவேன்" என்று காலை ஊன்றினாள். அந்த ஆள் திரும்பத் தொடங்கினார். முதலில் தோள் திரும்பியது. பிறகு காது. முகம் இருக்க வேண்டிய இடம் வருவதற்குள் நான் ஓடிவிட்டேன்.

அவள் கை நழுவியது என்று சொல்ல எனக்கு ஆசைதான். நழுவவில்லை. அவள் என்னைப் பிடித்திருந்தாள். நான் உதறினேன்.

களத்தில் வந்து விழுந்தபோது முதல் சொட்டு என் நெற்றியில் பட்டது. காசு அளவுச் சொட்டு. கோடை மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. கொட்டகையிலிருந்து "மழே!" என்று ஒரு கூச்சல். பெண்கள் எச்சில் கையோடு ஓடிவந்தார்கள். அம்மா எல்லோருக்கும் முன்னால் வந்தாள். எதிரில் நின்ற என்னை அவள் பார்க்கவே இல்லை. பலகையை எடுத்தாள், தொட்டிப் பக்கத்து மூலையிலிருந்து தள்ளத் தொடங்கினாள். நாங்கள் போன கோடு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

"அம்மா, வேண்டாம்! அம்மா, பாப்பா உள்ள இருக்கறா!"

நான் கத்தினேன், முந்தானையைப் பிடித்து இழுத்தேன். ஈயை ஓட்டுவது போல ஒரு தட்டு. பலகை போன வழியில் கோடு அழிந்தது. இரண்டாவது தள்ளில் பாதி. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. மணி ஒரே மேடாகக் குவிந்து நின்றது. சென்னியம்மாள் அக்கா தார்ப்பாயை வீசினாள், அம்மா மறுமுனையைப் பிடித்தாள், கல் வைத்தார்கள். அவ்வளவு நேர்த்தியான வேலையை நான் அதற்குமுன் வெறுத்ததில்லை.

கல் வைத்து நிமிர்ந்த பிறகுதான் அம்மாவுக்கு நான் கண்ணில் பட்டேன். "எங்கடி பாப்பா?"

சொன்னேன். மூன்று நாள் கதையையும் ஒரே மூச்சில் சொன்னேன். கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. "வெளையாடற நேரமாடி இது? எங்கடி அவ?" கொட்டகையில் தேடினாள், தொட்டியில் எட்டிப் பார்த்தாள், கழிப்பறைக் கதவைத் தட்டினாள். வாசலில் இருந்த அங்கமுத்து, "ஒரு குஞ்சுகூட வெளிய போகலியே அத்தாயி" என்றார். களத்து ஓரத்தில் வெண்ணிலாவின் சின்னச் செருப்பு இரண்டும் நனைந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் சென்னியம்மாள் அக்காதான் முதலில் அலறினாள்: "ஐயோ, குவியலுக்குள்ள சிக்கிக்கிட்டாளா?"

தார்ப்பாயின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் கையாலேயே குவியலைத் தோண்டினார்கள். தரை வரைக்கும் தோண்டினார்கள். வெறும் மணிதான். மேஸ்திரி தலையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் பார்க்கலாம், ஆளை அனுப்புகிறேன் என்று நகர்ந்தார். எல்லோரும் வாசல் பக்கம் ஓடினார்கள்.

அம்மா மட்டும் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் மாவு போல வெளுத்திருந்தது. என்னைப் பக்கத்தில் இழுத்தாள். "பலகைக்கு அடியில அம்மான்னு ஒரு சத்தம் கேட்டுச்சு சுகன்யா" என்றாள். அவள் பல் கிட்டியது. "மழைச் சத்தம்னு நெனச்சுத் தள்ளிட்டேன். என்ற கையாலயே தள்ளிட்டேன்."

 அவள் நம்பிவிட்டாள். அவள் நம்பிவிட்டதால் அது உண்மையாகிவிட்டது.

"எங்க உட்ட அவள? எந்த எடத்துல கைய உட்டா?"

அவள்தான் விட்டாள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு பொய்யில் இடமும் தப்பிவிட்டால் அம்மா வேறு எங்கோ போய்த் தேடுவாளே என்ற பயம் அதைவிடப் பெரியதாக இருந்தது. "நான்தாம்மா உதறுனேன். காலி மணிக்கிட்ட. பயமா இருந்துச்சு, உதறிட்டு வந்துட்டேன்" என்றேன். அறை விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அவள் என் தலையில் ஒரு நொடி கை வைத்தாள்.

"நெழலு இல்லாதப்பத்தான் உள்ள போனோம்னு சொன்ன?"

"ஆமாம்மா. உச்சி வெயில்ல."

அம்மா தன் காலடியைப் பார்த்தாள். கறுத்த மேகம், எங்கும் ஒரே சாம்பல் வெளிச்சம். "இப்ப மட்டும் நெழலு எங்க இருக்குது?" என்று எழுந்தாள். அடுத்த நொடி தார்ப்பாயை உருவி எறிந்தாள்.

களத்துக்காரி மழையில் தார்ப்பாயை எடுப்பது என்பது நடக்காத காரியம். ஓடிவந்த தீர்த்தகிரி, "அடியே, என்ன பண்ற? மொதலாளி கொன்னுபோடுவாரு!" என்று பலகையைப் பிடுங்கப் போனார். அம்மா பலகையை ஓங்கினாள். அவர் பின்வாங்கினார். குவித்ததை எல்லாம் அவள் மறுபடி களத்தில் பரப்பினாள். அடித்துப் பெய்யும் மழையில் மணிகள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. நடுவில் ஒரு முறை நின்று என்னைப் பார்த்தாள்.

"கோடு எப்படிப் போச்சுன்னு எனக்கு நெனவில்ல சாமி" என்றாள். எதற்கும் மசியாத என் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். "காலுதான நடந்துச்சு? நான் எங்க பாத்தேன்?"

"திட்டும்மா" என்றேன். எப்படித் தோன்றியதோ தெரியாது. "காலையில திட்டுனத மொதல்ல இருந்து திட்டு."

அவளுக்குப் புரிந்தது. தொட்டி மூலையில் போய் நின்றாள்.   "ஏண்டி, போன நோண்டி நோண்டி சார்ஜ எறக்கி வெச்சுட்டு… உங்கொப்பன் மராட்டியத்துல இருந்து கூப்பிட்டா எதுலடி பேசறது?" கால் தேய்ந்து நகர்ந்தது. "தொட்டா கைய ஒடிச்சுப் போடுவேன்னு சொன்னனா இல்லியா?" அங்கே திரும்பினாள். காலையில் திரும்பிய அதே இடம்தான் என்று எனக்குத் தெரிந்தது. காணாமல் போன பிள்ளையைக் கை ஒடிப்பேன், தோலை உரிப்பேன், சோறு போட மாட்டேன் என்று தேம்பித் தேம்பித் திட்டிக்கொண்டு ஒருத்தி மழையில் நடந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அதைத்தான் நினைத்தார்கள். ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள்.

ஐந்தாவது நடையில் கோட்டின் கரை அவள் கணுக்காலைத் தாண்டியது. எனக்கு மட்டும்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன். "சுகன்யா, இந்தக் கோட்டு வாயி மூடாமப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா பலகையோடு நடந்தாள். முழங்கால், இடுப்பு, தலை. பிறகு அவள் இல்லை. திட்டு மட்டும் கேட்டது, தூரத்தில் போகிற வண்டிச் சத்தம் போலச் சின்னதாகிக்கொண்டே.

ஊறிய மணி கஞ்சியாகிக் கோட்டின் வாயை அடைக்க வந்தது. கையால் வழித்துத் தள்ளினேன். வழிக்க வழிக்க வந்தது. நான் அதன் குறுக்கே படுத்து முதுகால் தடுத்தேன். உள்ளேயிருந்து ஒரு குளிர் என் முகத்தில் அடித்தது. எழுந்து ஓடிவிடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. இந்தப் பக்கம் ஓடினால் தெரு, வீடு, போர்வை. அரை மணி நேரத்துக்கு முன்பு ஓடிய அதே கால்தானே, அதற்கு வழி தெரியும். எப்படிப் படுத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. திடீரென்று என் மேல் மழை நின்றது. சென்னியம்மாள் அக்கா தார்ப்பாயின் ஒரு முனையை என் மேல் தூக்கிப் பிடித்து நின்றாள். "எனக்கொண்ணும் வெளங்கல கண்ணு" என்றாள். "ஆனா உங்கம்மா சும்மா செய்ய மாட்டா."

அப்போது உள்ளே திட்டு நின்றது. அந்த மரியாதைக் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏனுங்க, உங்களுக்குத்தான் ஊட்டுல இன்னொண்ணு இருக்குதுங்களே. எங்களுக்கு ஒருத்தரு இருந்தாப் போதுமுங்க."

  அம்மா பெரிய ஆட்களிடம் பேசும்போது குரலைத் தாழ்த்துவாள். இப்போதும் தாழ்த்தித்தான் பேசினாள்.

"உங்களுக்குப் போதுமுங்க. எனக்குப் போதாதுங்க. கைய உட்டுட்டு வந்தவளும் வேணும், உள்ள மாட்டிக்கிட்டவளும் வேணும். எனக்கு ரெண்டும் வேணுமுங்க."

பிறகு ஒரே சத்தம். பலகையால் எதையோ அடிப்பது போல, பெரிய பானை உடைவது போல. "நடடி! திரும்பிப் பாக்காத, நடடி! ஊட்டுக்கு வா, உனக்கு இருக்குது!" திட்டு நெருங்கி வந்தது. கஞ்சி என் தோள் வரைக்கும் ஏறியிருந்தது. அதைப் பிளந்துகொண்டு ஒரு சின்னக் கை வந்தது. பிடித்து இழுத்தேன். வெண்ணிலா வந்தாள், அவள் இடுப்பைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள். கோட்டின் வாய் எங்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. நாய்க்குட்டி வரவில்லை. அதைப் பற்றி நாங்கள் மூன்று பேரும் பேசுவதில்லை.

வெண்ணிலாவின் உதடு வெடித்திருந்தது. தோல் காய்ந்த மாவு போல இருந்தது, தொட்டால் வெள்ளை ஒட்டியது. ஒரு குடம் தண்ணீரைக் குடித்துவிட்டு, "அம்மா திட்டுனது கேட்டுச்சு, அதான் எந்திரிச்சேன்" என்றாள். அதற்குள்ளே உட்கார்ந்திருந்தாளா என்று நாங்கள் கேட்கவில்லை. அவள் அம்மா மடியில் இருந்தபடியே என் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். உதறியவள் விரல் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பிடித்தாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

முதலாளி வந்தபோது மழை விட்டிருந்தது. அம்மாவின் பங்குக் களம் முழுக்கக் கூழ். அவர் கத்துகிற மனிதர் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கூழின் ஓரத்தில் வந்து நின்றார். "பதினாலு வருசமா இருக்கற. மூடுன களத்த மழையில ஏன் பிரிச்ச அத்தாயி? காரணத்தச் சொல்லு, நான் கேட்டுக்கறேன்" என்றார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். பிள்ளை எங்கிருந்து வந்தாள் என்று மேஸ்திரியும் கேட்டார். யார் கடைசியாக அவளோடு இருந்தது என்று கேட்டார். பார்வை என் பக்கம் திரும்பியது.

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் வாயின் மேல் வந்து அழுந்தியது. மாவு மணத்தது.

"காரணம் ஒண்ணுமில்லைங்க. புள்ளைங்க இங்கதான் எங்கியோ வெளையாடிட்டு இருந்துருக்குதுங்க. எனக்குத்தான் சித்தம் கலங்கிப் போச்சுங்க" என்றாள் அம்மா. "அப்பப்ப இப்படி வருதுங்க."

அவ்வளவுதான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் களத்திலும் அதற்குப் பிறகு அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. இப்போது நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் கூரைக்குக் கீழே உட்கார்ந்து முட்டை பிரிக்கிறாள். நான் சூரமங்கலத்தில் ஒரு கடையில் பில் போடுகிறேன். வெண்ணிலா கல்லூரிக்குப் போகப் போகிறாள். உறவுக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் அம்மா எழுந்து கை கழுவப் போனால் யாராவது ஒருத்தர் தணிந்த குரலில், "பாவம், இவுங்களுக்கு ஒருக்கா புத்தி பிசகிப் போச்சாமா" என்பார்கள். நானும் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அன்று ஈரத்தோடு வீட்டுக்கு நடக்கும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "தங்கச்சியப் போட்டுட்டு ஓடியாந்தவன்னு ஊரு ஒருக்காச் சொல்லிருச்சுன்னா, உனக்குச் சாவற மட்டும் அதுதான் பேரு" என்றாள். "எனக்குப் பைத்தியம்னு சொல்லிட்டுப் போறாங்க, போ."

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. பத்து வருடமாக அந்த அப்பாடாவை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது, அந்த முதுகை நினைத்தால்கூட இவ்வளவு இல்லை. அத்தாயிக்குப் பைத்தியம் இல்லை. அவள் களத்தைப் பிரித்தது நான் கையை உதறியதால்.